கல்லடியில் இருந்தது சிலந்தியா?

கேள்வி: பிரிட்டன் கடற்கரையில் நீர் வற்றியிருந்த நேரம் ஒரு கல்லைப் புரட்டினேன். கடல் சாமந்தியின் (பூப்போல இருக்கும் கடல் விலங்கு) அடிப்பாகத்தில் வெளிர்பழுப்பாக, எட்டுக் கால்களோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அசையவே இல்லை. சிலந்தியா? கடிக்குமா? தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: கடிக்காது, பயப்படாதீர்கள். இடம், நிறம், கூடவே அந்தக் கடல் சாமந்தி, இவற்றை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் பிக்னோகோனம் லிட்டோராலே என்ற கடல் சிலந்தி. வீட்டுச் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். வட அட்லாண்டிக் கரைகளில் கல்லடியிலும் பாறை இடுக்கிலும் இருக்கும்.

சந்தேகமிருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிலந்திக்குரிய உருண்டை வயிறு இருக்காது. பின்னால் ஒரு சிறு முளை மட்டும். முன்னால் கூம்பு போன்ற உறிஞ்சுகுழல். அதைக் கடல் சாமந்தியின் உடம்பில் குத்தி உறிஞ்சித்தான் பிழைப்பு. பல கடல் சிலந்திகளுக்குக் குழலின் இருபுறமும் இடுக்கிகள் உண்டு. வளர்ந்த லிட்டோராலேவுக்குக் கிடையாது. முதுகின் முன்பக்கம் சிறு மேடு, அதில் நான்கு கண்கள். குட்டையான தடித்த கால்கள், நுனியில் வளைந்த நகம். பிடித்தால் விடாது.

இவ்வளவு ஒல்லியான உடம்பில் குடல் எங்கே என்று கேட்பீர்கள். கால்களுக்குள்! குடலின் கிளை ஒவ்வொரு காலிலும் நீள்கிறது. பெண்ணுக்கு முட்டை விளைவதும் கால்களில்தான். செவுள் கிடையாது, ஆக்சிஜன் மேல்தோல் வழியாகவே உள்ளே போகிறது. இதயம் பலவீனமானது. கடல் சிலந்திகளின் கால்களில் உடல்திரவத்தைத் தள்ளுவது முக்கியமாகக் குடலின் அசைவுதான் என்று 2017இல் வந்த ஆய்வு காட்டியது. எனக்கு இந்த விலங்கில் பிடித்ததே இதுதான்.

ஆணா பெண்ணா என்று அறிய, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடக்கும் கால்களுக்கு முன்னால் மெல்லிய குட்டிக் கால் ஜோடி தெரிந்தால் ஆண். முட்டைகளைச் சுமப்பவனும் அவனே. கால் ஒன்றிரண்டு குறைந்திருந்தாலும் பரிதாபப்பட வேண்டாம். இந்த இனத்தின் இளம் உயிர்கள் இழந்த கால்களை மட்டுமல்ல, உடம்பின் பின்பகுதியையே திரும்ப வளர்த்ததை 2023இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, தொட்டி? வேண்டாம். குளிர்ந்த கடல்நீரும், தின்ன உயிருள்ள கடல் சாமந்தியும் எப்போதும் வேண்டும். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கல்லைப் பழையபடி கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் வெயிலைப் பார்த்துக் கிடந்தால் அதில் ஒட்டியிருக்கும் மற்ற உயிர்களும் காய்ந்து செத்துவிடும்.