மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கும் புது டீன், எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். இனி ஆர்த்தோ பாடம் நன்றாக நடக்கும் என்கிறார்கள் சீனியர்கள். உண்மையா?
– எம்.பி.பி.எஸ். மாணவி, மதுரை

தானாக எதுவும் நடந்துவிடாது. எலும்பு, மூட்டு, தசைப் பாடம் எல்லா ஊரிலும் இடுக்கில் மாட்டிக்கொண்ட பாடம். முதலாண்டில் கையையும் காலையும் அறுத்துப் படித்தது, வார்டுக்கு வரும்போது மறந்திருக்கும். மூட்டுவாதம் மெடிசினில், முறிவு ஆர்த்தோவில். முதுகுவலியை யார் நடத்துவது என்றே தெரியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்த 85 புது டாக்டர்களுக்கு இந்தப் பாடத்தில் 25 கேள்விகள் கொடுத்தார்கள். 70 பேர் தேறவில்லை. 1998-இல் வெளியான ஆய்வு அது.

அறுவை நிபுணர் டீனானால், ஆர்வத்தில் மாணவர்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப் போவதுண்டு. நாலு பேர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் நின்றவருக்கு, முழங்காலில் நீர் கோத்திருக்கிறதா என்று தொட்டுச் சொல்லத் தெரியாது. அந்தக் காலைநேரத்தை ஓ.பி.க்கும் மாவுக்கட்டு அறைக்கும் மாற்றலாம். அனாட்டமி, மெடிசின், ஆர்த்தோ மூன்று துறையையும் ஒரே வாரத்தில் ஒரே மூட்டுப் பாடத்தை நடத்தச் சொல்ல டீனால்தான் முடியும். முக்கியமாக, இன்டர்னல் தேர்வில் மூட்டுப் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். மதிப்பெண் இல்லாததை யாரும் படிப்பதில்லை. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஹவுஸ் சர்ஜன் ஆகப்போகிறேன். ஆர்த்தோவில் தவறவிடவே கூடாதது எது?
– மாணவர், திருநெல்வேலி

இறுகும் கட்டு. மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த குழந்தை. வெளியே எங்கோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அல்லது நாமே போட்ட மாவுக்கட்டுக்குள் கை வீங்கியிருக்கும். ஊசி போட்டும் அழுகை அடங்காது. விரல்களை மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். முன்கையில் உயிர்போகிற மாதிரி வலித்தால், தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாடி துடிக்கிறதே என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நாடி அடங்குவது கடைசிக் கட்டம்.

உடனே சீனியரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் மாவுக்கட்டை உள்பஞ்சோடு சேர்த்து, தோல் தெரியும்வரை நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். பஞ்சை விட்டுவைத்தால் அதுவே இறுக்கும். கையைத் தூக்கி மாட்டாமல் இதய மட்டத்தில் வையுங்கள். தூக்கினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். வலி தணியாவிட்டால் தசையுறையைத் திறந்துவிடும் ஆபரேஷன்தான் வழி. சுமார் 6 மணி நேரம் தாண்டினால் செத்த தசை மீளாது, விரல்கள் மடங்கியபடியே நின்றுபோகும்.

முன்னே சொன்ன அமெரிக்க ஆய்வின் 25 கேள்விகளில் இதுவும் இருந்தது. இன்னொன்று: கையூன்றி விழுந்தவர், எக்ஸ்ரே சுத்தம். கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டருகே ஒரு குழி விழும். அங்கே அழுத்தும்போது வலித்தால், மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் ஒன்றான ஸ்காஃபாய்ட் முறிந்ததாகவே எண்ணிக் கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் செத்துப்போகும்.