அணைக்காக ஊரை இழந்தவர்கள் மீண்டார்களா? அளப்பது குறித்துக் கேள்வி பதில்

வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் பக்கம் களஆய்வுக்குத் தயாராகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. வீடுவீடாகக் கணக்கெடுத்துப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

காட்பாடி, முதுகலை மாணவி: இடம்பெயர்ந்த குடும்பத்தின் வருமானம் முன்பைவிடக் கூடியிருந்தால் மீண்டுவிட்டது என்று எழுதலாமா, ஐயா?

கூடாதம்மா. இழப்பீட்டுப் பணம் கையில் புழங்கும் வரை எந்த வீடும் செழிப்பாகத்தான் தெரியும். மீள்திறன் என்பது அடுத்த அடி விழும்போது எழுந்து நிற்கும் வலு. ஆப்பிரிக்காவில் ஜாம்பேசி ஆற்றில் கரிபா அணை கட்டியபோது சுமார் 57,000 க்வெம்பே டோங்கா இன மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கடர் என்ற இரு மானிடவியலாளர்கள் வெளியேற்றத்துக்கு முன்பே, 1956-இல், அங்கே போனார்கள். பல பத்தாண்டுகள் அதே மக்களிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். முதலில் கடும் துன்பம், 1960-களில் ஓரளவு ஏற்றம், பிறகு மறுபடி சரிவு. ஏற்றக் காலத்தில் ஒரே ஒரு முறை போனவர் நல்ல செய்தியோடு திரும்பியிருப்பார்.

திருப்பத்தூர், தொண்டு அமைப்பு ஊழியர்: இழப்பையும் மீட்சியையும் அளக்க எந்தச் சட்டகத்தை (அளவீட்டு முறையை) எடுப்பது?

எதை இழந்தார்கள் என்று பார்க்க சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா பட்டியலிட்ட எட்டு அபாயங்கள் போதும்: நிலம், வேலை, வீடு போவது, சமூகத்தில் ஒதுக்கப்படுவது, உணவுத் தட்டுப்பாடு, நோய், பொதுச் சொத்து கைவிட்டுப் போவது, உறவுகள் சிதறுவது. மதிப்பெண் வேண்டுமென்றால் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மீள்திறன் குறியீடு இருக்கிறது. அது அடிப்படைச் சேவைகள், உடைமை, சமூகப் பாதுகாப்பு, தகவமைத்துக்கொள்ளும் திறன் என்ற நான்கு தூண்களில் நிற்கிறது. ஆனால் ஒற்றை எண்ணை மட்டும் அச்சிடாதீர்கள். புதுக் குடியிருப்பில் மின்சாரமும் தார்ச்சாலையும் வந்ததால் ஏறிய மதிப்பெண், மேய்ச்சல் நிலம் போனதை மறைத்துவிடும். தூண்களைத் தனித்தனியாகக் காட்டுங்கள்.

குடியாத்தம், ஆய்வு மாணவர்: வினாத்தாளில் தவறாமல் இருக்க வேண்டியது எது?

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன் தம்பி, பெரும்பாலான ஆய்வுகள் கோட்டைவிடுவது இங்கேதான்.

“ஆடு எத்தனை?” என்று கேட்டால் எண் கிடைக்கும், கதை கிடைக்காது. “கடைசியாக ஆடு விற்றது எந்த மாதம், எதற்காக, அதற்குப் பதில் குட்டி வாங்கினீர்களா?” என்று கேளுங்கள். பண்டிகைக்கு விற்றவரும் மருத்துவச் செலவுக்கு விற்றவரும் ஒன்றல்ல. ஆண்டைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. நோட்டு செல்லாமல் போன சமயம், ஊரடங்கு, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மழை என்று நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் எதைக் குறைத்தார்கள், எதை விற்றார்கள், பழைய நிலைக்கு வர எத்தனை மாதமாயிற்று என்று வாங்குங்கள். அந்த மாதக் கணக்குதான் உங்கள் ஆய்வின் உயிர்.

இன்னொன்று, சமாளிப்பதையெல்லாம் மீள்திறன் என்று எழுதிவிடாதீர்கள். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போனவர் வீட்டில் அந்த ஆண்டு வருமானம் கூடியிருக்கும். எட்டாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தி பீடி சுற்ற உட்கார வைத்த வீட்டிலும் அப்படித்தான். இரண்டுமே நாளைய வலுவை விற்று இன்று சாப்பிடுவது. இவற்றைக் கழித்தல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆம்பூர், கணக்கெடுப்புப் பணியாளர்: கேட்ட வீட்டிலெல்லாம் கடன் இல்லை என்கிறார்களே?

வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அடகு நகை, மகளிர் குழுத் தவணை, கைமாற்று, மளிகைக் கடை பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் வந்துவிடும்.

வேலூர், ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்: இழப்பீடு கொடுத்த பிறகு இத்தனை அளவீடு எதற்கு?

ஐயா, இழப்பீடு பட்டாவைப் பார்த்து வந்தது. ஆற்றுப் புறம்போக்கில் வெள்ளரி போட்டவர், விளைச்சலில் பங்குக்கு உழுதவர், விறகு பொறுக்கியவர் பழைய கணக்கில் இல்லை. நர்மதை ஆற்று நீரை மாநிலங்களுக்குப் பங்கிட்ட நடுவர் மன்றம் 1979-இல் தந்த தீர்ப்பு பலவகையில் முன்னோடி; நிலம் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் என்றது, வயதுவந்த மகன் ஒவ்வொருவரையும் தனிக் குடும்பமாக எண்ணியது. மகளை எண்ணவில்லை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம்தான் குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளியையும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது.

திருவண்ணாமலை, ஆசிரியர்: சாத்தனூர் அணை 1958-லேயே முடிந்துவிட்டது. அத்தகைய பழைய அணைக்கு ‘முன்பு’ என்ற தரவுக்கு எங்கே போவது?

அன்று அது வட ஆற்காடு மாவட்டம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு, பழைய நில அளவைப் பதிவேடுகள் இவற்றிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களிடம் ரூபாய்க் கணக்கு கேட்காதீர்கள். எத்தனை ஏர் மாடு, வீட்டு நெல் எத்தனை மாதம் வந்தது என்று கேளுங்கள். நீர் ஏறாத பக்கத்து ஊரிலும் அதையே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வறட்சி செய்ததை அணையின் தலையில் எழுதிவிடுவீர்கள்.

பேரணாம்பட்டு, மாணவி: குடியிருப்பில் பல வீடுகள் பூட்டியிருந்தால் விட்டுவிடலாமா?

அவைதான் முக்கியம். தாங்க முடியாமல் போனவர்களும் நன்றாகத் தேறிப் போனவர்களும் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். இன்று குடியிருப்பவர்களிலிருந்து மாதிரி எடுக்காமல், கையகப்படுத்திய காலத்துப் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுங்கள். பக்கத்து வீட்டில் கைப்பேசி எண் வாங்கி, பெங்களூரு கட்டட வேலையில் இருந்தாலும் ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் இருந்தாலும் தேடிப் பேசுங்கள். கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.