கோதுமையும் வயிறும்: சீலியாக் இல்லாதவர்களுக்கான கேள்வி பதில்

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் நோயெதிர்ப்பு சிறுகுடலைத் தாக்குவது சீலியாக் நோய். அந்த நோய் இல்லாமலே குளூட்டனால் தொந்தரவு வருவதுதான் குளூட்டன் சென்சிட்டிவிட்டி.

கே: சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்பி மந்தமாகிறது. மூன்று மாதமாகக் கோதுமையே தொடவில்லை, நன்றாக இருக்கிறேன். போன வாரம் சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். இல்லை என்று வந்தது. அப்படியென்றால் எனக்கு இருப்பது குளூட்டன் சென்சிட்டிவிட்டிதானே? — வளர்மதி, கரூர்

ப: அந்த முடிவை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். நீங்கள் எடுத்த சீலியாக் ரத்தப் பரிசோதனையின் பெயர் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. அது தேடுகிற ஐ.ஜி.ஏ. வகை ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்), குளூட்டன் உள்ளே போனால்தான் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடுங்கள். 30 கிராம் மாவில் செய்த சப்பாத்தி தினமும் இரண்டு, ஆறு வாரம். தாங்கவே முடியாவிட்டால் இரண்டு வாரமாவது. பிறகு டி.டி.ஜி.யோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பாருங்கள், சிலருக்கு ஐ.ஜி.ஏ.வே குறைவாக இருக்கும், அப்போது டி.டி.ஜி. பொய்யாக நார்மல் காட்டும். திரும்பச் சாப்பிட முடியாதவர்களுக்கு எச்.எல்.ஏ. டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை உண்டு. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கோதுமையை நிறுத்துவது.

கே: எல்லா டெஸ்டும் நார்மல், கோதுமை சாப்பிட்டுக்கொண்டே எடுத்ததுதான். குளூட்டன்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? — செந்தில், ஓசூர்

ப: சரியான வரிசையில் வந்திருக்கிறீர்கள். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. 2015இல் நிபுணர்கள் வெளியிட்ட சலேர்னோ வரைமுறைதான் வழி. ஆறு வாரம் குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டு, உங்களை அதிகம் படுத்துகிற மூன்று தொந்தரவுகளுக்கு வாரந்தோறும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 30 சதவீதமாவது குறையவில்லை என்றால் குளூட்டனை விட்டுவிட்டு வேறு காரணம் தேடலாம். குறைந்தால், ஒரு வாரம் தினமும் 8 கிராம் குளூட்டன், ஒரு வாரம் இடைவெளி, ஒரு வாரம் பார்க்க அதேபோலிருக்கும் குளூட்டன் இல்லாத போலி உணவு. எது எந்த வாரம் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது.

வீட்டில் செய்வதானால் ராகி அடை வசதி. கடையில் கிடைக்கும் குளூட்டன் பொடியில் முக்கால் பங்குக்கு மேல் புரதம். 10 கிராம் பொடி போதும். போலி வாரத்தில் அதே அளவு அரிசி மாவு. குளூட்டன் போட்ட மாவு இழுவையாக இருக்கும், ஆகையால் பிசைவதும் சுடுவதும் வேறொருவர். துருவிய கேரட் சேர்த்தால் மெல்லும்போது வித்தியாசம் தெரியாது. வெங்காயம் மட்டும் போடவே கூடாது. காரணம் கீழே வருகிறது. இந்தக் கண்கட்டு முக்கியம்: 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இப்படிச் சோதித்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் குளூட்டனால் தொந்தரவு. போலியைச் சாப்பிட்டே 40 சதவீதம் பேருக்குத் தொந்தரவு வந்தது. அவர்கள் பட்ட வலி உண்மை, குற்றவாளி குளூட்டன் இல்லை.

கே: 96 உணவுகளுக்கான ஐ.ஜி.ஜி. பேனல் எடுக்கலாமா? — நித்யா, சென்னை

ப: வேண்டாம். அடிக்கடி சாப்பிடுவதற்கெல்லாம் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும், அது தொந்தரவுக்கு அடையாளம் இல்லை.

கே: சம்பா கோதுமைக்கு மாறினால் சரியாகுமா? — ராஜகோபால், தஞ்சாவூர்

ப: அதிலும் குளூட்டன் உண்டு.

கே: குளூட்டன் குற்றவாளி இல்லை என்கிறீர்கள். 2011இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வே குளூட்டன் என்றுதானே சொன்னது? — அப்துல் ரஹ்மான், திருச்சி

ப: சொன்னது, 34 பேரை வைத்து. அதே குழு 2013இல் 37 பேரை எடுத்து, முதலில் ஃப்ரக்டான் போன்ற, குடலில் புளிக்கும் சர்க்கரைகளைக் குறைத்த உணவில் வைத்தது. எல்லோருக்கும் வயிறு தேறியது. அதன் பிறகு குளூட்டன் கொடுத்தபோது போலியைவிடக் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை. 2018இல் ஓஸ்லோவில் 59 பேருக்கு மூன்று வகை மியூஸ்லி பார்கள் (தானியக் கட்டிகள்) ஏழேழு நாள் கொடுத்தார்கள்: 5.7 கிராம் குளூட்டன், 2.1 கிராம் ஃப்ரக்டான், போலி. அதிகம் உப்பியது ஃப்ரக்டான் வாரத்தில்.

கே: ஆனால் கோதுமையை விட்டதும் எனக்குச் சரியாகிவிட்டதே! — மீண்டும் அப்துல் ரஹ்மான்

ப: கோதுமையை விடும்போது அதிலுள்ள ஃப்ரக்டானும் போகிறது, அதனால்தான். 100 கிராம் மாவில் ஒன்றிரண்டு கிராம் இருக்கும். வெங்காயத்திலும் ஃப்ரக்டான் உண்டு, பூண்டில் மாவைவிடப் பல மடங்கு. சப்பாத்தி, வெங்காயக் குருமா இரண்டும் ஒரே தட்டில் இருக்க, பழி சப்பாத்திக்கு மட்டும் போகிறது. சப்பாத்தியை விட்டு இட்லிக்கு மாறியும் உப்புகிறது என்பவர்கள் சின்ன வெங்காயச் சாம்பாரைப் பாருங்கள். துவரம் பருப்பிலும் புளிக்கும் சர்க்கரை உண்டு. ஏ.டி.ஐ. என்ற கோதுமைப் புரதத்தின் மீதும் சந்தேகம் இருக்கிறது. குளூட்டன் பொடியிலும் அது ஒட்டியிருக்கலாம் என்பதால், மேலே சொன்ன வீட்டுச் சோதனை அதைப் பிரித்துக் காட்டாது.

கே: பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்களாமே? மாவு மில்லில் ராகியோடு கோதுமை கலந்துவிட்டால்? — தேன்மொழி, ஈரோடு

ப: கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு உண்டு. சீலியாக் உள்ளவர்களுக்கு இரண்டுமே ஆபத்து. சீலியாக் இல்லையென்று சரியாக உறுதியானவருக்கு ஒரு சிட்டிகையும் மில் தூசியும் பெரும்பாலும் பொருட்டில்லை.

கே: கோதுமையை நிறுத்தி இரண்டு மாதம். இப்போது டெஸ்ட் எடுக்கலாமா? — பிரபு, சேலம்

ப: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அவர்களும்.

கே: ஆறு வயதுப் பையன், எடை ஏறவில்லை, ரத்தசோகை. கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா? — கவிதா, வேலூர்

ப: நிறுத்தாதீர்கள். இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, டி.டி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தென்னிந்தியாவில் சீலியாக் குறைவு என்று யாராவது தட்டிக்கழித்தால் விடாதீர்கள். குறைவுதான், இல்லாமல் இல்லை.

கே: பூண்டு இல்லாமல் ரசம் எப்படி? — லதா, நாகர்கோவில்

ப: ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் சிவக்க வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசனை வரும். பல்லை ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு அப்புறம் பொறுக்கி எடுப்பது பயன்படாது. எண்ணெயை அன்றன்றைக்குச் செய்யுங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே வைத்திருந்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி வளரலாம்.