கல்லூரி ஐஸ் ஹொக்கியில் முதல் இரண்டு வருடங்கள்: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரப் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

உங்கள் மகனுக்கு 19 வயது. ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் இரண்டு பருவம் ஆடியிருக்கிறார். செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் டிவிஷன் 1 (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரி ஒன்றில் சேரப் போகிறார். 70 வீதம் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. "பிள்ளை படிக்கப் போகிறானா, விளையாடப் போகிறானா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும்தான். ஆனால் ஹொக்கி எந்த வருடம் நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காயம் வரலாம், புதிய கோச் வரலாம், நல்லபடியாக ஒரு தொழில்முறை ஒப்பந்தமே வரலாம். எது வந்தாலும் அந்த நாளில் பட்டம் பாதியாவது முடிந்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் புலமைப்பரிசில் கடிதம். 70 வீதம் என்றால் எதில் 70 வீதம்? கல்விக் கட்டணத்தில் மட்டுமா, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவிலா? இந்த வித்தியாசம் வருடத்துக்குப் பல ஆயிரம் அமெரிக்க டொலர். ஒரு வருடத்துக்கு மட்டும் தருகிறார்களா, நான்கு வருடத்துக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வீரரையும் கல்லூரியையும் பிணைக்க முன்பு கையெழுத்திட்ட தேசிய விருப்பக் கடிதம் 2024 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த நிதியுதவி ஒப்பந்தம்தான். கோச் தொலைபேசியில் சொன்னது எதுவும் அதில் இல்லையென்றால் இல்லைதான்.

பலர் கவனிக்காத ஒன்று வரி. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் உதவிக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. எஃப்-1 எனப்படும் மாணவர் குடிவரவு நிலையில் உள்ள வெளிநாட்டவரிடம் அதில் வழக்கமாக 14 வீதம் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வசந்தத்தில் 1040-என்.ஆர். என்ற வெளிநாட்டவருக்கான அமெரிக்க வரிப் படிவம் நிரப்ப வேண்டும். முதல் தவணைக் கணக்கில் எதிர்பாராத கழிவைப் பார்த்துத் திகைக்காமல் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எல்லையைக் கடக்கும் விஷயத்தில் உங்கள் குடும்பத்தின் நிலை முக்கியம். மகன் கனடியக் குடியுரிமை பெற்றவர் என்றால் விசா முத்திரை தேவையில்லை. கடவுச்சீட்டோடு, மாணவராகச் சேர்த்ததற்குச் சான்றாகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவமும், செவிஸ் எனும் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான 350 டொலர் கட்டணம் கட்டிய ரசீதும் முக்கியமாகத் தேவை. இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவாளராக மட்டும் இருந்தால் தூதரக நேர்முகம் போய் எஃப்-1 விசா எடுத்தே ஆக வேண்டும். கோடையில் அதற்குத் திகதி கிடைப்பது கஷ்டம், ஆகவே ஐ-20 வந்த அன்றே பதிவு செய்யுங்கள். ஒன்ராறியோ மருத்துவக் காப்பு நின்றுவிடாமல் இருக்க, முழுநேரப் படிப்புக்காக வெளிநாடு போகிறார் என்று சேர்விஸ் ஒன்ராறியோவுக்கு அறிவிக்க வேண்டும்.

இன்று கல்லூரி வீரர்கள் விளம்பரத்துக்கும் தங்கள் பெயருக்கும் பணம் வாங்கலாம். கல்லூரியே வருமானப் பங்கும் கொடுக்கலாம். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இது சிக்கலில்லை. எஃப்-1 மாணவர் வாங்கும் பணம் அனுமதியில்லாத வேலை என்று கருதப்பட்டால் அவருடைய குடிவரவு நிலையே போய்விடலாம். கடைக்காரர் ஒருவர் அன்போடு 500 டொலர் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாலும், சர்வதேச மாணவர் அலுவலகம் எழுத்தில் சரி சொல்லாமல் தொடக்கூடாது. சக வீரர்கள் செய்கிறார்களே என்பது இங்கே பதிலாகாது.

இனி ஐஸ். கல்லூரி அணிகள் பருவத்தில் ஏறத்தாழ 35 ஆட்டங்கள்தான் ஆடும், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். ஒன்ராறியோ ஹொக்கி லீக் (ஓ.எச்.எல்.) அணிகள் 68 ஆடுகின்றன. ஆட்டம் குறைவு என்பதால் வாரநாட்களில் ஜிம்முக்கும் பயிற்சிக்கும் நேரம் கிடைக்கும். மெதுவாக உடம்பு தேறும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். கூடாத பக்கமும் உண்டு. ஆட்டத்துக்கு உடுப்புப் போடுவது ஏறத்தாழ இருபது பேர். அணியில் இருப்பவர்களோ அதைவிடக் கூட. வெளியே உட்கார வைத்தால் அந்த வார இறுதியில் ஆட்டமே கிடையாது, இறங்கி ஆட வேறு அணியும் இல்லை. 2025 ஓகஸ்ட் 1 முதல் ஓ.எச்.எல். போன்ற கனடிய பிரதான ஜூனியர் லீக் வீரர்களும் டிவிஷன் 1இல் ஆடலாம் என்று விதி மாறிவிட்டதால், இருபது வயதுக்காரர்கள் ஆட்ட அனுபவத்தோடு வந்து இடத்தைப் பிடிக்கிறார்கள். ஆகவே ஜூனியரில் முதல் லைனில் (சேர்ந்து களமிறங்கும் முன்கள வீரர் குழுக்களில் முதலாவதில்) ஆடிய உங்கள் பிள்ளை ஒக்டோபரில் மேலே கலரியில் உட்கார்ந்து பார்ப்பது அசாதாரணமில்லை. அதற்காக நீங்கள் கோச்சுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். மகனே போய்க் கேட்கட்டும்: நான் எந்த வேலைக்குப் பொருந்துவேன், பெனால்ட்டி கில்லுக்கா (தண்டனையால் ஒரு வீரர் குறைவாக இருக்கும்போது கோல் விழாமல் தடுப்பது), நான்காம் லைனுக்கா, அதற்கு எதைத் திருத்த வேண்டும்? இடம் திறக்கும்போது முதலில் திறப்பது பெனால்ட்டி கில்தான். வேகத்தைவிட நிற்கும் இடமும் தடியின் நிலையும் அங்கே முக்கியம், அதைப் பயிற்சியில் காட்டலாம்.

படிப்பில் கவிழ்வது பெரும்பாலும் பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, கணக்கு பிழைப்பதால். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி மூன்றாம் வருடம் தொடங்குமுன் தெரிந்தெடுத்த பட்டத்தின் 40 வீதமும், நான்காம் வருடத்துக்கு முன் 60 வீதமும் முடித்திருக்க வேண்டும். வழக்கமான 120 கிரெடிட் (பாட அலகு) பட்டத்தில் 40 வீதம் என்பது 48. இரண்டாம் வருட முடிவில் பொறியியலிலிருந்து வேறு துறைக்கு மாறினால், எடுத்த கிரெடிட் பல புதிய பட்டத்துக்குச் சேராது. 52 வைத்திருந்த பிள்ளைக்கு 36 மட்டும் எண்ணப்பட்டால் அடுத்த பருவம் ஆட முடியாது. மாற வேண்டுமென்றால் முதல் வருடத்திலேயே மாறட்டும். வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்து வியாழனே புறப்படக்கூடும், ஆகவே வியாழன், வெள்ளி பிற்பகல் ஆய்வுகூட வகுப்பு உள்ள பாடங்களைக் கோடைக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோடையிலும் 6 கிரெடிட் எடுத்தால் மூன்று வருடத்தில் பட்டத்தை நெருங்கலாம். விஞ்ஞானம், கணினி, பொறியியல் பட்டங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: முடித்தபின் வேலை அனுமதி 12 மாதங்கள், மேலும் 24 மாத நீட்டிப்பு.

ஒப்பந்தம் பற்றி இப்போதே யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. தொழில்முறை ஹொக்கியின் மேல்மட்ட லீக்கான என்.எச்.எல். தரும் முதல் ஒப்பந்தத்தின் காலம் வயதைப் பொறுத்தது: 18 முதல் 21 வரை 3 வருடம், 22-23இல் 2, 24இல் 1. பெரும்பாலும் இரு வழி ஒப்பந்தம், அதாவது கீழ் லீக்கில் ஆடும் நாட்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு. அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் தேர்வு செய்யவில்லை. 2018இல் அவர் ஹொக்கி புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். கையெழுத்திட்டால் கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது, எனவே எதிலும் கையெழுத்துப் போடுமுன் கல்லூரியின் விதி இணக்க அலுவலகத்தைக் கேட்க வேண்டும். ஆலோசகர் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் வரட்டும், தேநீர் கொடுங்கள். ஆனால் தொழில்முறை அணியோடு அவர் உங்கள் மகனுக்காகப் பேரம் பேசினால் கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. ஒப்பந்தத்தில் 70 வீதம் எதற்கு என்று நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மகன் தன் பாட ஆலோசகரிடம் நான்கு வருடப் பாடத் திட்டம் ஒன்றைக் கோடை வகுப்புகளோடு எழுதி வாங்கட்டும்.