ரூ.5,000, வாரம் 30 கிலோமீட்டர்: எதை வாங்குவது, எதைத் தின்பது?

கேள்வி: 38 வயதுப் பெண், மதுரையில் இருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி தலா 6 கி.மீ., ஞாயிறு 12 கி.மீ. ஓடுகிறேன். ஞாயிறு ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. ஒன்றரை வருடமாக ஒரே ஷூ. இப்போது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமாக வலிக்கிறது. ஓடி முடித்ததும் டீயும் உளுந்த வடையும்தான். கூட ஓடுபவர்கள் ஓடும்போது உறிஞ்சிக் குடிக்கும் சத்து ஜெல் வாங்கு, புரோட்டீன் பவுடர் வாங்கு என்கிறார்கள். என்னிடம் இருப்பது ரூ.5,000. என்ன வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு கணக்கு. வாரம் 30 கி.மீ., ஒன்றரை வருடம் என்றால் உங்கள் ஷூ 2,300 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கிறது. ஓட்ட ஷூவின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. மேல்துணி கிழியாமல், அடி தேயாமல் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கிச் செத்திருக்கும். ஷூவை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: ஃபோமில் குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்திருந்தாலோ, பின்னாலிருந்து பார்க்கும்போது குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அதன் வேலை முடிந்தது. எலும்பு ஓர வலிக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் முதலில் மாற்ற வேண்டியது இதுதான்.

ஆகவே பணத்தில் பாதிக்கு மேல் ஷூவுக்குப் போகட்டும், ரூ.2,500 முதல் 3,000 வரை. பெரிய நிறுவனங்களின் போன வருட மாடல் தள்ளுபடியில் இந்த விலைக்குக் கிடைக்கும். நிறம்தான் பிடிக்காமல் இருக்கலாம். பஜாரில் ரூ.900-க்கு விற்கும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ பக்கம் போகாதீர்கள். அதில் லோகோ மட்டும்தான் அசல்போல் இருக்கும், ஃபோம் செங்கல். ரூ.2,700 ஷூ 600 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய், அதாவது உங்களுக்கு வாரம் ரூ.135. உங்கள் வேகத்தில் அது ஐந்து மாதம்கூட முழுசாக வராது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தேதியை ஷூ நாக்கின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்தால் மறக்காது.

நகம் கறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. ஓடும்போது பாதம் வீங்கும், முன்னால் சறுக்கும். விரல் நுனி ஒவ்வோர் அடியிலும் ஷூவின் முனையில் இடிக்கும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்றுப் பெரிதாக இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவி, அதன்மேல் ஏறி நின்றால் பாதத்தின் அகலம் வெளியே பிதுங்குகிறதா என்று தெரிந்துவிடும். பிதுங்கினால் அந்த மாடல் வேண்டாம். ஷூவைக் கையில் பிடித்து வளைத்தால் விரல் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நடுப்பகுதியில் மடிவது சொத்தை.

சரியான அளவு வாங்கியும் குதிகால் கழன்றால் லேஸில் ஒரு வேலை இருக்கிறது. மேலே கடைசியாகத் தனியே ஒரு துளை இருக்குமே, அதில் லேஸை அதே பக்கத்திலேயே உள்ளே விட்டுச் சின்ன வளையம் ஆக்குங்கள். இரண்டு பக்கமும் வளையம் வந்ததும் வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்கால் இறுகும், விரல் தப்பிக்கும்.

புது ஷூவை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், உச்சி வெயிலில் காய வைக்காதீர்கள். சூட்டில் பசை விடும், ஃபோம் விறைக்கும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

ஷூவுக்கு அடுத்து ஸ்போர்ட்ஸ் பிரா. ரூ.600 முதல் 800 வரை ஒதுக்குங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தாங்குவது தோள்பட்டி அல்ல, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை. அதற்குள் இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். இரு கைகளையும் மேலே தூக்கினால் பட்டை மேலேறக் கூடாது. அப்படியே பத்து முறை குதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மற்றதெல்லாம் மலிவு. பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்தது மூன்று ஜோடி வாங்குங்கள், ரூ.400 ஆகும். டி-ஷர்ட்டுக்கு பிராண்ட் தேவையே இல்லை. திருப்பூர் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளில் 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 140 கிராம்) அளவிலான பாலியெஸ்டர் டி-ஷர்ட் ரூ.200-க்கு வரும். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உடனே பரவினால் நல்லது, முத்தாக உருண்டால் வேண்டாம். துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் ஊற்றினால் இந்தத் துணி வியர்வையைக் கடத்துவதை நிறுத்திவிடும். தொடை உரசினால் வாசலின் போதும். இருட்டில் ஓடுகிறீர்கள் என்றால் சாலைப் பணியாளர்கள் போடும் ஒளிரும் மேல்சட்டை ஹார்டுவேர் கடையில் ரூ.150-க்குள் இருக்கும், வண்டி எதிரே வரும்படி சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள். நேரம் பார்க்க போனில் உள்ள இலவச ஆப் போதும். கைக்கடிகாரம்தான் வேண்டும் என்று காசியோ எஃப்-91டபிள்யூ வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அதன் ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரம் வரைதான் எண்ணும். உங்கள் ஞாயிறுக்கு உதவாது.

வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் ஜாக்கெட்டை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அதில் குறைவது தண்ணீர், கொழுப்பு அல்ல. மதுரை வெயிலுக்கு அது ஆபத்தும்கூட.

இனி தீனி. 6 கி.மீ. ஓட்டத்துக்கு வழியில் எதுவும் வேண்டாம். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் மணிக்கு 30 கிராம் அளவில் மாவுச்சத்து கிடைத்தால் கடைசி மூன்று கிலோமீட்டர் இழுக்காது. ஒரு ஜெல் பாக்கெட்டில் இருப்பது 20 முதல் 25 கிராம், விலை நூறு ரூபாயைச் சுற்றி. கொட்டை நீக்கிய சிறிய பேரீச்சம்பழம் நான்கில் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. 45-ஆவது நிமிடத்தில் இரண்டு, ஒரு மணி நேரத்தில் இரண்டு, ஒவ்வொரு முறையும் சில மடக்கு தண்ணீர். கருப்பட்டித் துண்டும் ஆகும். கடலை மிட்டாய் மட்டும் ஓடும்போது வேண்டாம்: மூச்சு வாங்கும்போது கடலைத் துணுக்கு புரையேறும், கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை ஓடி முடித்த பிறகு மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 20 கிராம் புரதமும் கூடவே மாவுச்சத்தும் போய்ச் சேர வேண்டும். வடை பாவம் அல்ல, ஆனால் இரண்டு வடையில் எண்ணெய் வயிற்றை நிரப்பிவிடும், புரதம் பாதிகூட வராது. 50 கிராம் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்தால் சுண்டலில் 10 கிராம் அளவுக்குப் புரதம். அதோடு ஒரு அவித்த முட்டை 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். மொத்தச் செலவு இருபது ரூபாயைத் தாண்டாது. சைவம் என்றால் 40 கிராம் பொட்டுக்கடலை மாவை ஒரு டம்ளர் பாலில் கலக்கிக் குடியுங்கள், 14 கிராம் தேறும். கூட வேர்க்கடலை சேர்த்தால் கணக்கு முடிந்தது. பவுடர் டப்பாவுக்கு அவசியமில்லை. சுண்டலை ஓடுவதற்கு முன்பு சாப்பிட்டுவிடாதீர்கள், வாயு பிடிக்கும். டீயை மட்டும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள டீ விடாது. மாதவிடாயில் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் நேர்மாறாக உதவும்.

தண்ணீர் எவ்வளவு என்பதை எடை மெஷின் சொல்லும். ஞாயிறு ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் ஈரத்துணி இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை வழியில் கூடுதலாகக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள், அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆளைச் சாய்க்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் நாம் இழக்கும் சோடியமோ அதில் குறைவு. ஆகவே உப்புப் போட்ட மோர் அதைவிட வேலை செய்யும். ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கினால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள்; ஒரு டம்ளரில் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலும்பு வலிக்கு: இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, புது ஷூவில் மண் தரையில் ஓடுங்கள். எலும்பை விரலால் அழுத்தும்போது ஓரமெங்கும் பரவலாக வலித்தால் இதிலேயே தணியும். ஒரே புள்ளியில் சுரீர் என்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது எலும்புக் கீறலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள், ஷூ வாங்குவது அப்புறம் இருக்கட்டும்.