நகைக்கடனில் ஓடும் கூட்டத்தை நம்பி தீபாவளிச் சரக்கு எடுக்கலாமா?

கடன் வாங்கிச் சரக்கு குவிக்க வேண்டாம். வழக்கத்தில் பாதியை எடுங்கள், மீதியைக் குறுவை நெல் அறுவடைப் பணம் இறங்கிய பிறகு பார்க்கலாம்.

பைக் ஷோரூமில் கூட்டம், உங்கள் கும்பகோணம் பாத்திரக் கடையில் மட்டும் வியாபாரம் இல்லை, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். தங்கம் விலை ஏறினால் அதே வளையலுக்கு அடகில் கூடுதல் பணம் கிடைக்கும். அந்தப் பணமும் தவணைக் கடனும் கடைத்தெருவில் நடமாடும்போது ஊர் செழிப்பாகத்தான் தெரியும். வருமானம் கூடியிருக்காது.

விவசாயத்தை நம்பி ஓடும் நம் காவிரி டெல்டாவின் கணக்கும் தனி. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் முதல் மதிப்பீட்டில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 24 சதவீதம் சரிந்தது, வேளாண்மை மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. அதனால் டிவி செய்தியை வைத்து நம்மூர் நிலவரத்தைக் கணிக்காதீர்கள்.

உங்கள் பில் புத்தகத்தை எடுங்கள்.

1. போன மாதத்தோடு வேண்டாம், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஆடி, ஆவணி வித்தியாசமே ஆளைக் குழப்பிவிடும்.

2. ரூபாயை விட்டுவிட்டு எத்தனை உருப்படி போனது என்று எண்ணுங்கள். விலை ஏறியதால் தொகை கூடியிருக்கும்.

3. தெரிந்த அடகுக்கடையில் விசாரியுங்கள்: நகையை மீட்கிறார்களா, வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கிறார்களா? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒன்று, உங்கள் வாடிக்கையாளர்கள் வேதாரண்யம் பக்கக் கடைமடைக்காரர்கள் (வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதிக்காரர்கள்) என்றால் குறுவைப் பணத்துக்குக் காத்திருக்கும் யோசனை பொருந்தாது. அங்கே பெரும்பாலும் சம்பாதான், கொள்முதல் பணம் பொங்கலுக்குப் பிறகுதான் வரும்.