அலாஸ்கா காட்டில் கரடியிடமிருந்து பாதுகாத்துக்கொள்ள எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் டல்லாஸில் இருக்கிறார். ஜூலையில் நண்பர்களோடு அலாஸ்காவின் கீனாய் பக்கம் வந்து ரஷ்யன் ஆற்றில் சால்மன் பிடித்துவிட்டு, சில இரவுகள் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார். இதுவரை துப்பாக்கி வைத்திருந்ததில்லை. கடையில் .500 மேக்னம் ரிவால்வரை (அரை அங்குலக் குறுக்களவுத் தோட்டா போடும், சுழல் அறை வைத்த கைத்துப்பாக்கி) காட்டி, "கரடிக்கு இதுதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கிறார்.

நான் ஆங்கரேஜில் வசிக்கிறேன். கோடை வந்தால் மீன்பிடி, மலையேற்றம் என்று கரடிகள் உலவும் இடங்களிலேயே பொழுது போகும். அதனால் நேராகவே சொல்கிறேன்: .500 வேண்டாம். முதலில் கரடி ஸ்ப்ரே (பாய்ந்து வரும் கரடி மேல் காரமான மேகத்தைப் பீய்ச்சும் டப்பா) வாங்குங்கள். அதற்கு மேலும் துப்பாக்கி வேண்டுமென்றால் 10 மி.மீ. பிஸ்டல் (கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் வகை) அல்லது .44 மேக்னம் ரிவால்வர். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் விசா என்னவென்று பாருங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும்தான். நண்பருடைய துப்பாக்கியை "சும்மா ஒரு தடவை" சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று நினைக்க வேண்டாம். இந்தக் குற்றம் பதிவானால் விசாவும் போகும், பின்னால் கிரீன் கார்டும் போகும். உங்கள் குழுவில் யார் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கரடி ஸ்ப்ரேக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

சரி, சட்டப்படி தடையில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடும். 30 மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி போதும். ரஷ்யன் ஆற்றங்கரை ஆல்டர் புதர் அடர்ந்த இடம். தண்ணீர் இரைச்சலில் நீங்கள் வருவது கரடிக்குக் கேட்காது, அது இருப்பதும் உங்களுக்குத் தெரியாது. 30 மீட்டர் தள்ளிப் பார்த்தாலே அதிர்ஷ்டம்தான். கைத்துப்பாக்கி என்பது அந்த இரண்டு விநாடிக்காக வைத்துக்கொள்ளும் பொருள். அந்த நேரத்துக்குள் உங்கள் கை உறையிலிருந்து அதை எடுத்து, குறி வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாவைக் கரடியின் உடம்பில் இறக்க முடியுமா? துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இதை மட்டும்தான். காகிதத்தில் எழுதியிருக்கும் சக்தி எவ்வளவு என்பது அதற்குப் பிறகு.

.500 இந்தச் சோதனையில்தான் தோற்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 2003-இல் கொண்டுவந்த தோட்டா அது. சக்தியில் சந்தேகமே இல்லை, கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் உச்சத்தில் இருப்பவற்றில் அது ஒன்று. ஆனால் துப்பாக்கி ஒன்றரைக் கிலோவுக்கு மேல், நீளக் குழல் வைத்தது இரண்டு கிலோவே வரும். ஐந்தே தோட்டாக்கள். சுட்டதும் குழல் வானத்தைப் பார்க்கும். அதைத் திரும்ப இறக்கிக் குறி வைப்பதற்குள் கரடி உங்கள் மேல் இருக்கும். இரண்டு தோட்டா சுட்டதும் மணிக்கட்டு வலியில் பயிற்சியையே நிறுத்திவிடுவார்கள். புதிதாகச் சுடுபவருக்கு அதைக் கொடுத்தால் அடுத்த முறை விசையை அழுத்தும்போதே கை தானாகக் குலுங்கும், குறி தரைக்குப் போகும். கனம் தாங்காமல் அதைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு ஆற்றுக்குப் போவதும் நடக்கும். கூடாரத்தில் கிடக்கிற துப்பாக்கியால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

.454 கசூல் தோட்டா போடும் ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன் என்று ஒரு குட்டைக் குழல் ரிவால்வர் உண்டு. பெயரே அலாஸ்கன் என்பதால் பலர் ஆசைப்படுவார்கள். நல்ல உழைப்பாளித் துப்பாக்கிதான். ஆனால் இதற்கும் கிட்டத்தட்ட அதே பதில். வருடக்கணக்காகப் பெரிய ரிவால்வர் சுட்டுப் பழகியவர்களுக்கு ஏற்றது.

.44 மேக்னம் 1950-களிலிருந்து இருக்கிறது. நான்கு அங்குலக் குழல் வைத்த எஃகு ரிவால்வர், உதாரணமாக ஸ்மித் அண்ட் வெஸன் 629, ஏறக்குறைய 1.2 கிலோ. ஆறு தோட்டா. ரிவால்வரில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், அடுத்தது வரும். கரடி மேலேயே விழுந்து, குழலை அதன் உடம்பில் அழுத்தியபடி சுட வேண்டி வந்தாலும் ரிவால்வர் சுடும். பிஸ்டலை அப்படி அழுத்தினால் மேல்பகுதி பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ஆனால் இதே .44-ஐ ஸ்காண்டியம் கலந்த லேசான அலுமினியத்தில் முக்கால் கிலோவுக்குச் செய்து விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். இடுப்புக்கு லேசாக இருக்கும், கையைப் பதம் பார்த்துவிடும். போதாததற்கு, சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் அந்த உதையின் வேகத்தில், அறையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் ஈயமுனை முன்னால் நகர்ந்து சுழல் அறையே மாட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது.

இப்போது இங்கே பலருடைய மார்பில் தொங்குவது க்ளாக் 20 என்ற 10 மி.மீ. பிஸ்டல். 15 தோட்டா நிரப்பினாலும் ஒன்றே கால் கிலோவுக்குள். ஒரு தோட்டாவின் சக்தி .44-ஐ விடக் குறைவுதான். ஆனால் உதை தாங்கக்கூடியது, அதனால் இரண்டாவது, மூன்றாவது தோட்டாவும் குறியில் விழும். வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் வெண்கரடிகளுக்காகப் பக்கத்துணையாக வைத்திருப்பது இதே க்ளாக் 20. அவர்களிடம் முதல் ஆயுதமாகப் பெரிய ரைஃபிள் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் எந்த பிஸ்டலிலும் தோட்டா சிக்கிக்கொள்ளலாம், அதனால் இறுக்கிப் பிடித்துச் சுடப் பழக வேண்டும். புதியவர் ஒருவர் நேர்மையாகப் பயிற்சி எடுக்கத் தயார் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

.357 மேக்னம் கருங்கரடி மட்டும் இருக்கும் காடுகளுக்கு ஓரளவு சரி. 9 மி.மீ.? 2016-இல் அலாஸ்கா தீபகற்பத்தில் ஒரு வேட்டை வழிகாட்டி, பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. பிஸ்டலாலேயே வீழ்த்தினார். இணையத்தில் இதைச் சொல்லி 9 மி.மீ. போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கரடிகளுக்கு நடுவில் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் கையும் நிதானமும் அது. அவர் போட்டிருந்ததும் ஆழமாகத் துளைக்கும் கடின ஈயத் தோட்டா. அந்தச் சம்பவம் துப்பாக்கியைவிடத் தோட்டாவைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

தோட்டாவை மிக முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கும் குழிமுனைத் தோட்டா உடம்புக்குள் போனதும் பூப்போல விரியும். மனிதனை நிறுத்த அது சரி. கரடிக்கு மேலே அடர்ந்த முடி, கீழே கொழுப்பு, அப்புறம் கல்லாக இறுகிய தோள் தசை, எலும்பு. விரிந்த தோட்டா பாதியிலேயே நின்றுவிடும். கைத்துப்பாக்கித் தோட்டா அதிர்ச்சியால் கரடியை வீழ்த்தாது. மூளையையோ முதுகெலும்பையோ தொட்டால்தான் அந்த இடத்திலேயே நிற்கும். அங்கே போய்ச் சேர ஆழமான துளை வேண்டும். அதனால் ஈயத்தோடு தகரமும் ஆன்டிமனியும் கலந்து கடினமாக வார்த்த, முனை தட்டையான தோட்டாவைக் கேட்டு வாங்குங்கள். 10 மி.மீ.-க்கு 200 அல்லது 220 கிரெய்ன் (தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் எடை அளவு) எடை. க்ளாக் குழலில் மேலுறை இல்லாத ஈயத் தோட்டா போட வேண்டாம் என்பது அந்த நிறுவனத்தின் அறிவுரை. இதற்காகவே பலர் வேறு குழல் மாற்றிக்கொள்கிறார்கள், சிலர் உலோக உறையிட்ட கனமான தோட்டாவைப் போடுகிறார்கள். எதைப் போட்டாலும் அதே தோட்டாவில் ஒரு பெட்டியாவது சிக்காமல் சுடுகிறதா என்று டல்லாஸிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

இடுப்பு உறையை மறந்துவிடுங்கள். முதுகுப்பையின் பட்டை அதன் மேல் ஏறிக்கொள்ளும், ஆற்றில் இறங்கப் போடும் ரப்பர் காலாடை அதை மூடிவிடும். இங்கே எல்லோரும் மார்பு உறைதான் போடுகிறோம். ஆங்கரேஜுக்கு வடக்கே வஸிலா ஊரில் தோலில் தைப்பவர்கள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும். உட்கார்ந்தாலும், படுத்தாலும், தண்ணீரில் நின்றாலும் துப்பாக்கி அதே இடத்தில் கைக்கு வரும். ஸ்ப்ரேயையும் முன்பக்கமே, இன்னொரு கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டுங்கள்.

ஸ்ப்ரேயை ஏன் முதலில் சொன்னேன் என்றால், இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. கரடி ஆய்வாளர்களான டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ ஆகியோர் நடத்தியவை. 2008-இல் வெளிவந்தது அலாஸ்காவில் ஸ்ப்ரே பயன்பட்ட சம்பவங்களைப் பார்த்தது. பழுப்புக் கரடிகளில் 92 சதவீதத் தடவை அது வேலை செய்திருக்கிறது. நெருக்கத்தில் கரடியைச் சந்தித்து ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. 2012-இல் வந்தது துப்பாக்கியைப் பற்றியது, 1883 முதல் 2009 வரை 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76 சதவீதம் கரடியை நிறுத்தியிருக்கிறது. இந்த இரண்டு ஆய்வுகளின் எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது என்பது என் கருத்து. காயமில்லாமல் கரடியைச் சுட்டுவிட்டு வந்தவர்களின் கதை பல நேரம் பதிவாவதே இல்லை. ஸ்ப்ரே சம்பவங்களில் பாய்ந்து வராமல் வெறுமனே மோப்பம் பிடித்து வந்த கரடிகளும் உண்டு. நான் அந்த இரண்டாவது ஆய்வில் திரும்பத் திரும்பப் படிப்பது துப்பாக்கி ஏன் தோற்றது என்ற பகுதியைத்தான். கால் பங்குக்கு மேல், சுட நேரமே கிடைக்கவில்லை. அப்புறம் சிக்கிக்கொண்டது, பாதுகாப்புத் தாழை விடுவிக்க முடியாதது, குறி தவறியது, தோட்டா தீர்ந்தது, கால் தடுக்கி விழுந்தது. எந்தத் துப்பாக்கி, எத்தனை சக்தி என்பது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

ஸ்ப்ரேக்குத் துல்லியக் குறி தேவையில்லை. பாய்ந்து வரும் கரடிக்கு முன்னால், சற்றுத் தாழ்வாக ஒரு மேகத்தைப் போட்டால் அது ஓடிவந்து அதற்குள் நுழையும். எட்டு, ஒன்பது மீட்டர் வரை எட்டும். எதிர்காற்றும் கடுங்குளிரும் அதன் பலவீனங்கள். மனிதருக்கான மிளகு ஸ்ப்ரே வேறு, இது வேறு. டப்பாவில் கரடிக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

துப்பாக்கிதான் என்று முடிவு செய்தால், ஜூலை வரை வாரம் ஒருமுறையாவது சுடுதளத்துக்குப் போங்கள். 25 மீட்டரில் நின்று நிதானமாகக் குறி பார்க்கும் பயிற்சி இதற்கு உதவாது. ஐந்து, ஆறு மீட்டரில், மார்பு உறையிலிருந்து எடுத்து, இரண்டு விநாடிக்குள் இரண்டு தோட்டா, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில். சுடுதளத்தில் உறையிலிருந்து எடுக்க அனுமதி இல்லையென்றால், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு வீட்டில் பழகுங்கள். பயணத் தேதிக்குள் இது வரவில்லை என்றால் துப்பாக்கியை டல்லாஸிலேயே விட்டுவிட்டு ஸ்ப்ரேயோடு வாருங்கள். எந்தக் கூச்சமும் வேண்டாம். பதற்றத்தில், ஆல்டர் புதருக்குள், சுற்றிலும் நண்பர்கள் நிற்கும்போது பழகாத கை சுடுவதை நினைத்தால் எனக்குக் கரடியைவிட அதுதான் பயம்.

அலாஸ்கா சட்டம் பற்றிச் சுருக்கமாக. 21 வயது முடிந்தவர் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் போலீஸார் உங்களோடு பேச வந்தால் உடனே அதைச் சொல்லிவிட வேண்டும். தேசியப் பூங்காக்களிலும் 2010 முதல் வைத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று கரடியைச் சுட்டுவிட்டால் அத்தோடு கிளம்பிவிட முடியாது. நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து மாநில மீன், வேட்டைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், எழுத்தில் அறிக்கையும் கொடுக்க வேண்டும். உணவையோ குப்பையையோ திறந்துபோட்டு நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது.

அதனால் பிடித்த மீனைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வையுங்கள். முடிந்தால் முழுசாக எடுத்துவந்து வெளியே வெட்டுங்கள். ஆற்றிலேயே வெட்டினால் எலும்பைச் சிறு துண்டுகளாக்கி வேகமாக ஓடும் நீரில் எறியுங்கள். மீன் வாசம் பட்ட உடையோடு கூடாரத்துக்குள் போகாதீர்கள். எல்லோரும் சேர்ந்தே நடங்கள், புதர் வந்தால் சத்தமாகப் பேசுங்கள். இவ்வளவையும் செய்தால் அந்த இரண்டு விநாடி பெரும்பாலும் வரவே வராது.

விமானத்தில் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், சரக்குப் பையோடு அறிவித்துக் கொண்டுவரலாம். காரில் கனடா வழியாக வரும் எண்ணம் இருந்தால் கைத்துப்பாக்கி கூடாது, அங்கே அனுமதி கிடைக்காது. கரடி ஸ்ப்ரேயோ விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது. ஆங்கரேஜில் இறங்கியதும் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து. திரும்பும்போது மிச்சமிருப்பதைத் தங்கிய இடத்தில் கேட்டு, அடுத்துக் காட்டுக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.